முறைக் கரண்ட்

மனிதனின் பொறுமையை அளந்துவிடலாம் என்று கண்டுபிடித்ததற்காகச் சுகிர்தாவுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பையும், கடைக்கோடி பவர் நிறுவனத்தில் ஜன்னல் வைத்த ஓர் அறையும் கிடைத்தன. கோப்பை இப்போது பேனா போட்டு வைக்க உதவுகிறது. அளந்த பொறுமைதான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். அடுத்தடுத்து வந்த பெரிய புயல்களுக்குப் பிறகு, கடைசி ஊர்களுக்குக் கம்பி இழுத்துக் கட்டி மாளவில்லை என்று அரசாங்கம் கையை உதறிவிட்டது. தனியார் வரட்டும், ஊருக்கு ஊர் சோலார் போட்டு விளக்கேற்றட்டும், லாபமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்துவைத்தது. கதவு என்னவோ திறந்துதான் கிடந்தது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. வெயில் இனாம்தான், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு எரிக்க அதைச் சேர்த்துவைக்கிற பேட்டரி யானை விலை. பத்து குடிசைக்கு விளக்கேற்ற யானை வாங்குகிற பைத்தியக்காரன் எந்த ஊரில் இருக்கிறான்?

பாதி பேட்டரி போதும் என்றாள் சுகிர்தா. கரண்ட் பற்றாத நேரத்தில் சில வீடுகளை அணைத்துத்தான் ஆக வேண்டும். யாரை அணைப்பது? அணைத்தால் யார் குறைவாகக் கோபப்படுவார்களோ அவர்களை. வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். குறை இருந்தால் அமுக்கலாம். அமுக்குகிறார்களா, எத்தனை தரம் அமுக்குகிறார்கள், விளக்கு போனதும் செத்த சுவிட்சைப் படபடவென்று போட்டுப் பார்க்கிறார்களா, இல்லை சும்மா இருக்கிறார்களா என்பதையெல்லாம் பெட்டி கவனித்துக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் போடும். அதன் பெயர் பொறுமைக் குறியீடு. எண் கூடக் கூட, அந்த வீட்டில் முதலில் அணையும்.

"பேட்டரியை விட மலிவான பேட்டரி ஒண்ணு ஊர்கள்ல ஏற்கெனவே இருக்கு. நாமதான் அதைப் பயன்படுத்தல" என்று பம்பாயில் ஒரு கூட்டத்தில் பேசினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் முதலாளிகள் ஒவ்வொருவராகக் கதவுக்குள் தலையை நீட்டினார்கள்.

தலையை நீட்டியவர்களில் பெரிய தலை சிங்கப்பூர் மதிவாணன். இன்னும் அறுபது ஊர்களுக்குப் பணம் போடத் தயாராக இருந்தார். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கம்பெனி யோசிக்கவே இல்லை. ராமநாதபுரம் பக்கம் வலசையேந்தல். அந்த ஊரில்தான் புகாரே கிடையாது. வரைபடத்தில் எப்போது பார்த்தாலும் பச்சைப் புள்ளி. அவர் வருவதற்கு முதல் நாள் ஏற்பாடுகளைப் பார்க்கச் சுகிர்தாவை அனுப்பினார்கள். தன்னால் விளக்கெரிகிற ஊரை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனசுக்குள் சின்னதாக ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேலத்தெருவில் மாவு மில் ஓடியது, கடைகளில் விளக்கு பளிச்சென்றிருந்தது, ஒரு வீட்டு டிவியில் யாரோ சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அப்படியே நடந்து கீழத்தெருவுக்குள் திரும்பினாள். தெரு முழுக்க இருட்டு. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கோளாறு நடந்த தெருவைப் போல யாரும் இல்லை. வாசலில் கட்டிலைப் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்தார். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை.

"வாங்க தாயி. கம்பெனியில இருந்து வந்திருக்கீகளா? நான் சாத்தையா. இந்த ஊரு நீர்பாய்ச்சி."

"இங்க ஏன் கரண்ட் இல்ல அய்யா?"

"இன்னைக்கு எங்க முறை தாயி."

"என்ன முறை?"

சாத்தையா சிரித்துவிட்டார். "கம்பெனிக்காரக நீங்களே என்னையக் கேட்டா எப்படி? கண்மாயில தண்ணி கொறைஞ்சா முறை வச்சுத்தான விடுவோம். இன்னைக்கு இந்தப் பக்கத்து வயலு, நாளைக்கு அந்தப் பக்கத்து வயலு. எனக்கு அதான வேலை. கரண்டுக்கும் நீங்க அப்படித்தான வச்சிருக்கீக? இன்னைக்கு நாங்க இருட்டுல இருக்கோம். நாளைக்கு மேலத்தெரு இருக்கும்."

சுகிர்தா இருண்ட வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நேத்து யார் முறை?"

"நேத்தும் எங்களுதுதான். மேலத்தெருவுல ஒரு விசேசம். அதனால மாத்தி விட்டிருப்பாக."

"அதுக்கு முந்தின நாள்?"

"அன்னைக்கும் இங்கதான் இல்ல. மில்லுல வேலை சாஸ்தி போல." அவர் கொஞ்சம் நெளிந்தார். "இப்படி எண்ணிக் கேக்குறது வழக்கமில்ல தாயி. முறை விடுறவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். நாப்பது வருசமா நான் மடை திறக்கேன். ஒருத்தரும் என்னைய எண்ணிக் கேட்டதில்ல. எண்ணுனா, நீ திருடுறடான்னு சொன்ன மாதிரி ஆகிப்போகும்ல?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தெருவில் ஒருத்தரும் பொத்தானை அமுக்கவில்லை. சுவிட்சைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. முறை இல்லாத நாளில் மடையில் கை வைப்பது அவமானம் என்று காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருக்கக் காத்திருக்க, பெட்டி அவர்களின் எண்ணை ஏற்றிக்கொண்டே போனது. எண் ஏற ஏற இன்னும் அணைத்தது. மேலத்தெருக்காரர்களுக்குக் கண்மாயில் பெரிதாக வயல் கிடையாது. கடை, மில், வாடகை என்று இருப்பவர்கள். முறையும் தெரியாது, கூச்சமும் கிடையாது. விளக்கு சிமிட்டினாலே அமுக்கித் தள்ளினார்கள். ஊருக்குள் முறையே இல்லை. முறை இருப்பதாக நம்பிய ஒரு தெரு மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. இருமல் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குள் வாளி உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"என் வீட்டுக்காரி. ராக்கு" என்றார் சாத்தையா. "கரிமூட்டத்துல பாதி ஆயுசு போச்சு. அந்தப் புகையெல்லாம் இப்ப நெஞ்சுல நிக்குது. உள்ள வாங்க."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ராக்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆக்சிஜன் மிஷின் ஊமையாகக் கிடந்தது. அதன் குழாயை மடியில் சுருட்டிவைத்துக்கொண்டு, பனையோலை விசிறியால் தனக்குத்தானே விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒக்காருங்க" என்றாள், இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாக. "எந்திரிக்க முடியல. மருவாதை தெரியாதவன்னு நெனச்சிராதீக."

"கரண்ட் இல்லாதப்ப எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"படுக்க மாட்டேன். ஒக்காந்தே விடிய வச்சுருவேன். முறை வந்ததும் போட்டுக்கிருவேன்."

சுகிர்தா சுவரைப் பார்த்தாள். பெட்டியின் சிவப்புப் பொத்தான் மேல், கம்பெனியிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த கண்ணாடிக் காகிதம் இன்னும் உரிக்கப்படாமலே இருந்தது. பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, இதை அமுக்குங்க. குறை இருந்தா அமுக்கத்தான் வச்சிருக்கு."

ராக்கு சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. "நல்லா இருக்கே. நீர்பாய்ச்சி பொண்டாட்டியே மடையை ஒடச்சா, நாளைப்பின்ன இவரு யாரை அதட்ட முடியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"இவருக்குத் தெரியும்ல."

சாத்தையா மெழுகுவர்த்தியை நகர்த்தி வைத்தார்.

ஒரே ஒரு வாக்கியம்தான். முறை என்று ஒன்று கிடையாது அம்மா. சுகிர்தாவின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. வாசலில் தெரு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. இதைச் சொன்னால், சொன்ன நிமிஷமே தெரு முழுவதும் பொத்தானை அமுக்கும். விடிந்தால் மதிவாணன் வருகிறார். பச்சைப் புள்ளி சிவப்பாகிவிடும். அறுபது ஊர்கள் என்று நினைத்தாள். நாளைக்கு அவர் போனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வாக்கியத்தை விழுங்கினாள். விழுங்கியது தெரிந்தே நடந்தது. அதைப் பிற்பாடு அவள் ஒருநாளும் மறுக்கவில்லை.

விழுங்கியதற்கு ஈடாக ஒன்று செய்தாள். போனை எடுத்து, தன் அதிகாரத்தில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் லைனைத் திறந்தாள். விளக்கு வந்தது. மிஷின் உறுமியது. சாத்தையா ஓடிப்போய்க் குழாயை மனைவியின் மூக்கில் மாட்டினார். அந்தக் கரண்டுக்காக மேலத்தெருக் கோடியில் யாரோ ஒரு பொறுமைசாலியின் வீடு அணைந்ததைச் சுகிர்தா போனில் பார்த்தாள்.

"பாத்தீகளா?" என்றாள் ராக்கு, மூச்சு திரும்பியதும். முகம் மலர்ந்திருந்தது. "முறை வந்திருச்சு. நான் சொன்னேன்ல."

காலையில் சுகிர்தா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேசவன் கூப்பிட்டார். கம்பெனியின் தலைவர். ராத்திரி அங்கே ஒரு வீட்டில் யார் கை வைத்தது என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். முறை விஷயத்தையும் சொன்னாள்.

"பாவம்தான்" என்றார் கேசவன். நிஜமாகவே பாவப்பட்ட குரல்தான். "ஆனா கையால திறந்ததை எடுத்துரு. பெட்டி தானா நடத்துதுன்னு காட்டத்தான் அவரைக் கூட்டிட்டு வர்றோம்."

"அந்தம்மாவுக்கு மூச்சு நிக்கும் சார்."

"இத்தனை நாள் நின்னுச்சா? சுகிர்தா, நீயே கணக்குப் போட்டுப் பாரு. அந்தத் தெருவுக்கும் சமமாக் கொடுக்கணும்னா பேட்டரி ரெண்டு மடங்கு வேணும். அப்ப லாபம் எங்க? லாபம் இல்லன்னா அவர் எங்க? அவர் இல்லன்னா அறுபது ஊர்ல இன்னும் மண்ணெண்ணெய்தான். கையெழுத்து ஆகட்டும். அப்புறம் நானே ஆள் அனுப்பி எல்லாத்தையும் சரி பண்றேன்."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து லைனை மூடிவிட்டாள்.

மதிவாணன் வில்லன் மாதிரி இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. பதநீரை ஓலையில் வாங்கி மூக்கில் ஒழுகவிட்டுச் சிரித்தார். கீழத்தெருவுக்கும் தானாகவே வந்தார். கரண்ட் எப்படி இருக்கிறது என்று சாத்தையாவிடம் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லீக. முறை வச்சு விடுறாக. எங்க கண்மாய்த் தண்ணி மாதிரியே."

"முறையா?"

சாத்தையா பெருமையாக விளக்கினார். விருந்தாளி முன்னால் கம்பெனியை விட்டுக்கொடுக்காமல், நேற்று இருட்டில் கிடந்ததையே ஒரு சிறப்பு மாதிரிச் சொன்னார். மதிவாணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துச் சுகிர்தாவை ஒரு பார்வை பார்த்தார். காருக்கு நடக்கும்போது தணிந்த குரலில் கேட்டார்.

"உங்க அறிக்கையில முறைன்னு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார். அப்படி ஒண்ணு கிடையாது. பொறுத்துக்கிறவங்களுக்குத்தான் திரும்பத் திரும்ப அணையுது."

"இவங்களுக்கு அது தெரியாதா?"

"தெரியாது."

சொல்லிவிட்டாள். அவர் கோபப்படுவார், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார், தான் பேசாததை அவர் பேசிவிடுவார் என்று ஒரு நிமிஷம் நம்பினாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி!

மதிவாணன் நின்று, கீழத்தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா" என்றார். "மத்த ஊர்கள்ல சண்டை, கல்லெறி. இங்க பாருங்க, எவ்வளவு அமைதி. இதையே எல்லா ஊர்லயும் சொல்லிடலாமே? முறை வச்சு விடுறோம்னு. பெட்டி மேலயே எழுதிடுங்க. புகார் இன்னும் குறையும்."

"அது பொய் சார்."

"ஒருத்தர் இருட்டுல இருந்தா ஒருத்தர் வெளிச்சத்துல இருக்கார். அதைத்தானே முறைன்னு சொல்றாங்க? எங்க ஆளுங்க போடற பணத்துக்கு நான் பதில் சொல்லணும். நான் போடலைன்னா இந்த மேலத்தெரு விளக்கும் இல்ல." அவர் கார் கதவைத் திறந்துகொண்டே, "பாட்டும் கூத்துமா இருக்காங்க. நீங்க ஏன் வருத்தப்படறீங்க?" என்றார்.

அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது. சுகிர்தா புறப்படும்போது ராக்கு வாசல்வரை நகர்ந்து வந்து உட்கார்ந்து கையை ஆட்டினாள். "அடுத்த மாசம் வர்றேம்மா" என்றாள் சுகிர்தா. வரவில்லை.

வராததற்குக் காரணங்கள் நன்றாகவே இருந்தன. காரணங்களுக்கு என்ன பஞ்சம்? ஊர் ஊராக வேலை நடந்தது. புதுப் பெட்டிகளில் 'இன்று யார் முறை?' என்று அழகான எழுத்தில் அச்சடித்து வந்தது. விளக்கு வந்த ஊர்களில் பெண்கள் அழுகிற வீடியோக்களைக் கேசவன் அவளுக்கு அனுப்புவார். அந்த அழுகையில் பொய் இல்லை. அதைப் பார்த்து அவளும் அழுதிருக்கிறாள். பார்த்து முடித்ததும் சாப்பாடு இறங்காது. ஒப்பந்தப்படி எந்த வீட்டு எண்ணையும் கையால் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. கேசவன் அனுப்புவதாகச் சொன்ன ஆளும் போகவில்லை. அவள் இரண்டு தடவை நினைவுபடுத்தினாள், மூன்றாவது தடவை நினைவுபடுத்தவில்லை.

ராக்குவின் மிஷினுக்காக ஒரு தனி பேட்டரி வாங்கி வலசையேந்தலுக்கு அனுப்பினாள். தன் பெயரைப் போட்டால் ஏன் எதற்கென்று கேள்வி வரும் என்று பயந்து, கீழத்தெரு, சாத்தையா பார்வைக்கு என்று கம்பெனிப் பெயரில் அனுப்பினாள். கம்பெனி தெருவுக்கு அனுப்பியிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாவடியில் வைத்து எல்லோரும் போன் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று அந்தப் பக்கம் போய்வந்த லைன்மேன் சொன்னான். தெரு சார்பில் சாத்தையா நன்றி சொல்லச் சொன்னாராம். சுகிர்தா அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய கோழை தன்னைத் தவிர யாரும் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் போனில் சொல்லியிருக்கலாம். சாத்தையாவின் நம்பர் அவளிடம் இருந்தது. ஒரு தெருவிடம் சொன்னால் அறுபது ஊருக்குப் பரவும், முதலாளிகள் ஓடுவார்கள், இப்போது எரிகிற விளக்கெல்லாம் அணையும் என்று தினமும் தனக்குத்தானே விளக்கிக்கொண்டாள். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் சரியாக இல்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. சூரியன் எட்டிப் பார்க்காமல், ஊருக்கு ஊர் பேட்டரி வற்றிப்போய், பகலிலேயே வீடுகள் அணைந்துகொண்டிருந்தன. ஒரு மத்தியானம் சுகிர்தா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலசையேந்தலில் ஒரு சிவப்புப் புள்ளி. கீழத்தெரு. தொட்டுப் பார்த்தாள். சாத்தையா வீடு.

பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள்!

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். ராக்கு கடைசியில் அமுக்கிவிட்டாள். அவளாகவே அமுக்கிவிட்டாள். தான் ஒன்றும் சொல்லாமலேயே அந்தம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது! சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு தாராளமாக இறங்கியது. உடனே போன் போட்டாள்.

"கேட்டிருச்சா தாயி?" என்றார் சாத்தையா. "காலையில அமுக்குனேன். கம்பெனிக்குக் கேட்டிருச்சான்னு தெரியாம இருந்தேன்."

"கேட்டுச்சு அய்யா. நல்ல காரியம் பண்ணீங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"அதைச் சொல்லத்தான் அமுக்குனேன். அவ போயிட்டா. போன வெள்ளிக்கிழமை. மழைக் குளிரு தாங்கல. விடியிற வரைக்கும் ஒக்காந்துதான் இருந்தா, முறை வரட்டும் முறை வரட்டும்னு."

சுகிர்தா வரைபடத்தில் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்தாள்.

"எங்க வழக்கம் ஒண்ணு உண்டு தாயி. பயிரு பட்டுப்போச்சுன்னா, வயலுக்காரன் வந்து நீர்பாய்ச்சிகிட்டச் சொல்லிரணும். எனக்கு இனித் தண்ணி வேணாம், என் முறையை அடுத்தவனுக்கு விட்டுருன்னு. சொல்லாம வச்சுக்கிட்டா பாவம். இனி எங்க வீட்டுல மிஷினு இல்லீக. பக்கத்து வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. எங்க முறையை அங்க விட்டுருங்க. அதைச் சொல்ல எனக்கு வேற வழி தெரியல, பொத்தானை அமுக்கிட்டேன். தப்பா?"

"தப்பில்ல அய்யா."

"தப்பு என்னமோ ஆகிப்போச்சு" என்றார் அவர். "அமுக்குனதுல இருந்து விளக்கு அணைய மாட்டேங்குது. ஃபேன் பாட்டுக்கு ஓடுது. ஊரே மழையில இருண்டு கெடக்கு, மேலத்தெருகூட. எங்க வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரியுது. வாசல்ல நிக்கவே கூச்சமா இருக்கு தாயி."

பெட்டிக்குள் அந்த விதியை எழுதியதும் அவள்தான். ஒரு தடவைகூட அமுக்காத வீடு ஒருநாள் அமுக்கினால், அந்த வீட்டின் பொறுமை அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஆகவே மற்ற எல்லாரையும் அணைத்தாவது முதலில் அங்கே கொடு. அந்த வரியை எழுதிய அன்று அவளுக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

சாத்தையா யோசித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தண்ணீர் பங்கிட்ட மனிதர். மடை எந்தப் பக்கம் திறந்தால் எந்தப் பக்கம் வற்றும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏன் தாயி, ஒரே தடவை அமுக்குனதுக்கே இம்புட்டு வரத்து வருதே. அவ இருக்கையில அமுக்கியிருந்தா, அப்பவும் எரிஞ்சிருக்குமா?"

"எரிஞ்சிருக்கும் அய்யா."

"அப்ப முறை?"

"முறைன்னு ஒண்ணு கிடையாது அய்யா. எப்பவுமே இல்ல."

மழைச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நீங்க வந்து அவ பக்கத்துல ஒக்காந்திருந்தீகளே, அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் சுகிர்தா.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் போனை வைக்கவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.